சாதியைக் களைந்தோம், ஊரையும் களையலாமா?

தமிழர்கள் பெயர் வைத்துக்கொண்ட கதையை எழுத உட்காரும் எவரும் செங்கல்பட்டு வட்டாரத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. பல்லாவரத்தில் குடியிருந்த சுவாமி வேதாசலம் 1916-ல் தம் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டார். தனித்தமிழ் இயக்கம் பிறந்த ஆண்டு அது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. முதலாவது மொழிக்காக நடந்தது, அடுத்தது மானத்துக்காக நடந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே, அதே ரயில் பாதையில், அடிகளின் பெயரைத் தாங்கி வளர்ந்ததுதான் மறைமலைநகர்.

அந்த நகரத்தின் முகவரிகளைப் பாருங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம் என்பதால், குடியிருப்புப் பகுதிகளுக்கு என்.எச்.1, என்.எச்.2, என்.எச்.3 என்று பெயர். 'நெய்பர்ஹுட்' என்பதன் சுருக்கம். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை என்னும் தேசிய நெடுஞ்சாலை ஓடுவதால், முதல் முறை வருபவர் அதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று குழம்புவார். 'பாவேந்தர் சாலை, என்.எச்.1, மறைமலைநகர்' என்று உறையின் மேல் எழுதினால், புரட்சிக் கவிஞருக்கும் தனித்தமிழ் அறிஞருக்கும் இடையில் ஓர் ஆங்கிலச் சுருக்கெழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரயில் நிலையத்தின் பெயரோ 'மறைமலைநகர் காமராஜர்'. ஒரே பலகையில் இரண்டு தலைவர்கள்.

இதில் வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால், இந்தப் பெயர்களுக்கெல்லாம் அடியில், நகரத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் பழைய பெயர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்: காட்டாங்குளத்தூர், நின்னகரை, பேரமனூர், திருக்கச்சூர், கீழக்கரணை, பொத்தேரி. சாதிப் பட்டத்தைக் கழற்றி வைத்த பிறகு தமிழர் பெயரில் மிஞ்சியவை இரண்டு: பெற்றவர் பெயர், பிறந்த ஊர்ப் பெயர். அந்த இரண்டாவதை யாரும் தீர்மானம் போடாமலேயே, யாரையும் கேட்காமலேயே இப்போது தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊரே முன்னெழுத்து

வடக்கே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் சாதியின் பெயர். ஐரோப்பாவில் அது பல இடங்களில் முன்னோரின் தொழிலையோ பட்டத்தையோ சுமந்துகொண்டு வரும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வேரூன்றவில்லை. இங்கே முன்னெழுத்துதான். ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு. சி.என்.அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவமான காஞ்சீவரம். உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம். ம.பொ.சி.யின் 'ம' மயிலாப்பூர். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. அடுத்த 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவு. தந்தை பெயர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாத நெகிழ்வு நம்முடைய முறையில் இருந்திருக்கிறது.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவரை நாம் 'இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்' என்கிறோம். அவருடைய குலம் தெரியாது, பட்டம் தெரியாது, ஊர் தெரியும். அந்த இடைக்கழிநாடு இன்றும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் கிடக்கும் நிலம் என்பதைப் பெயரே சொல்கிறது. நிலப்படத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழமையுள்ள ஒரு முகவரி, அஞ்சல்காரர் இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

செங்கல்பட்டுத் தீர்மானம் வெற்றிபெற்றதற்கு இந்த முறை ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பெரியார் 1927-ன் இறுதியிலேயே 'குடி அரசு' இதழில் தம் பெயருக்குப் பின்னால் இருந்த 'நாயக்கர்' என்பதை நீக்கிவிட்டார். மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், சென்னைவாசிகள் பாண்டி பஜார் என்று சொல்லும் கடைத்தெரு, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று அவர் பெயரைத்தான் தாங்குகிறது. பெண்களுக்குச் சொத்துரிமை, மணமுறிவு உரிமை என்று அந்த மாநாடு போட்ட மற்றத் தீர்மானங்கள் சட்டமாவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சாதிப் பட்டத்தை விடுவதற்கோ சட்டமே தேவைப்படவில்லை. பட்டத்தை வெட்டிய பிறகும் ஒருவரை அடையாளம் காட்ட ஊரும் தந்தை பெயரும் முன்னால் நின்றன. பெயர் மொட்டையாகிவிடவில்லை.

கப்பலேறியவர்கள்

பட்டத்தை விடாமல் ஊரை மட்டும் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பப்பட்டார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் நிறைய. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அங்கே போன பிறகு, ஆங்கிலேயக் குமாஸ்தாக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டியிருந்தது. காலப்போக்கில் முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். நாயுடுவும் பிள்ளையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உறைந்துபோனார்கள்.

இன்று டர்பனில் அந்தப் பெயர்களைத் தாங்கும் பலருக்கு அவற்றின் சாதிப் பொருள் முக்கியமில்லை. அது வெறும் குடும்பப் பெயர். அவர்கள் தேடுவது வேறு. தாத்தாவின் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டார் என்று கேட்டுக்கொண்டு, கப்பல் பதிவேட்டின் நகலோடு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். கிராமம் என்ற கட்டத்தில் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஏழெட்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஜில்லா சரியாக இருக்கும், தாலுகாவும் தேறிவிடும். கிராமத்தின் பெயரை மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர் உள்ளூரில் யாராவது ஒருவர் வாயில் உயிரோடு இருந்தால்தான் தேடல் முடியும். ஊர் பெயர் மாறிவிட்டிருந்தால், நூற்றைம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவர் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று ஹோட்டல் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நம்மிடமே இப்போது அதே நெருக்கடி வேறு உருவில் வந்திருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைக்காத தமிழர் குறைவு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றபோது பலர் அலைந்தார்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிச் சமாளிக்கிறோம். ஊர்ப் பெயரை அந்தக் கட்டத்தில் போடுபவர்கள் அபூர்வம். அடுத்த தலைமுறையின் பெயர்களிலிருந்து ஊர் இப்படித்தான் ஓசைப்படாமல் உதிர்கிறது.

பெயர் சொல்லும் நிலம்

ஊர்ப் பெயருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்தது. பெரிய ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடாத மண்ணில், மழைநீரைக் கரை கட்டித் தேக்கியே விவசாயம் நடந்தது. ஊர்ப் பெயர்களில் அந்த நீர் தேங்கிக் கிடக்கிறது. ஏரி, குளம், தாங்கல், கழி, கரை என்று முடியும் பெயர்களைக் கோத்தால் மாவட்டத்தின் நீர்வழிப் படமே கிடைத்துவிடும். தாங்கல் என்பது சிறிய நீர்த்தேக்கம். வேடந்தாங்கல் வேடர்களின் தாங்கலாக இருந்தது. பிறகு ஊராரே பறவைகளுக்குக் காவலாகி, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு உரிமை தரும் கவுல் என்ற ஆவணத்தை வாங்கினார்கள். வேட்டையாடிகளின் பெயரில் இருக்கும் ஏரி பறவைகளின் சரணாலயமாகிவிட்டது. பெயரை மாற்றியிருந்தால் இந்த முரணின் அழகு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தலபுராணங்களும் ஒருவகைப் பதிவுதான். அச்சிறுபாக்கத்தில் இறைவனின் தேர் அச்சு இற்றது என்பார்கள். திருக்கச்சூரில் பசித்திருந்த சுந்தரருக்காக இறைவனே வீடு வீடாகப் போய்ச் சோறு இரந்தார் என்பார்கள். மறைமலைநகர் நகராட்சிக்குள் அடங்கிய அந்தத் திருக்கச்சூர், தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே வீடு கட்டுபவர் தம் தெருவுக்கு ஏதோ ஒரு 'கார்டன்' என்று பெயர் வைத்துக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஊர்ப் பெயர் இன்று கடைசியாக ஒளிந்திருக்கும் இடம் பத்திரம். இந்தப் பகுதியில் மனை வாங்கிய எவரும் தம் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தைப் படித்துப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், அதில் இன்ன நகர் என்ற மனைப்பிரிவில் இன்ன மனை என்று இருக்கும். சக்குபந்தியில் வடக்கே இருபதடி ரோடு, தெற்கே அடுத்த மனை எண். அதே நிலத்தின் தாய்ப் பத்திரத்துக்குப் போனால் காட்சி மாறும். ஏரிக்கரைக்கு மேற்கு, கலங்கல் வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் கழனிக்குக் கிழக்கு என்று எல்லை சொல்லியிருக்கும். கழனிக்கே தனிப் பெயர் இருந்திருக்கும். இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் முப்பது நாற்பது ஆண்டுதான் இடைவெளி. அதற்குள் கரையும் கலங்கலும் எண்களாகிவிட்டன.

2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய பெயர்கள் தெரிந்திருந்தால் வெள்ளம் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பும் அனுமதியும். ஆனால், தாங்கல் என்ற பெயரைக் கேட்டால் வாங்குபவருக்கு ஒரு கேள்வியாவது எழும். லட்சுமி நகர், சாய் நகர் என்று கேட்டால் எழாது. மனை விற்பவர்கள் முதலில் மாற்றுவது பெயரைத்தான் என்பது தற்செயல் இல்லை.

மாற்றியவர்கள் எல்லோரும் வென்றதில்லை

ஊர்ப் பெயரை மாற்றும் ஆசை பழையது. ஆழ்வார்கள் பாடிய கடல்மல்லைக்கு, நரசிம்மவர்ம பல்லவன் தன் 'மாமல்லன்' பட்டத்தைச் சூட்டினான். மாலுமிகள் அதை ஏழு கோபுரங்கள் என்றார்கள். யுனெஸ்கோ 1984-ல் மகாபலிபுரம் என்று பட்டியலில் சேர்த்தது. அரசு ஆவணத்தில் மாமல்லபுரம். ஊர்க்காரர்களுக்கு எல்லாப் பெயரும் பழக்கம்தான். திருக்கழுக்குன்றத்தைச் சோழர்கள் 'உலகளந்த சோழபுரம்' என்று கல்வெட்டில் வெட்டினார்கள். கல்வெட்டு இருக்கிறது, புழங்கும் பெயர் கழுகுக் குன்றமாகவே நின்றுவிட்டது. சதுரங்கப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் சத்ராஸ் ஆக்கினார்கள். கோட்டை இடிந்து கிடக்கிறது, ஊர் தன் பெயரோடு இருக்கிறது.

எதிர் உதாரணமும் உண்டு. குரோம் லெதர் கம்பெனி போய்விட்டது, குரோம்பேட்டை நிலைத்துவிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021-ல் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகும், வழி கேட்டால் 'ஃபோர்டு கம்பெனி தாண்டி' என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் வாயில் புழங்கி ஊறிய பெயர், கம்பெனியின் பெயராக இருந்தாலும் நிற்கும். மேலிருந்து சாத்திய பெயர் அப்படி நிற்பதில்லை.

செங்கல்பட்டுக்கே இது நடந்தது. ஒருகாலத்தில் இந்த மாவட்டம் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்'. அன்றைக்கு மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் தலைவர்களின் பெயர்களில் ஓடின. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு வீரரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்களைத் திருத்துவதற்குப் பதிலாக, எல்லாத் தலைவர் பெயர்களையும் எடுத்துவிடுவது எளிதாக இருந்தது. அதே 1997-ல் மாவட்டமும் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் வர 2019 நவம்பர் வரை, 22 ஆண்டுகள் ஆயின.

2020-ல் இன்னொரு பாடம். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற, 1,018 பெயர்களோடு அரசாணை வெளிவந்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆனது. கோயம்புத்தூரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

எந்தப் பெயர் போக வேண்டும்?

அப்படியானால் பழைய பெயர் எதையும் தொடக் கூடாதா? அப்படிச் சொல்பவரோடு நான் சேர மாட்டேன். பழைய பெயர்கள் எல்லாம் பெருமைக்குரியவை என்பது வசதியானவர்களின் வாதம். ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் 'ஊர்' என்று ஒரு பகுதியும் 'காலனி' என்று மறுபகுதியும் இருக்கும்போது, காலனிப் பிள்ளைக்கு முகவரியே சாதிச் சான்றிதழ். 'சேரி' என்ற பெயருக்கு நடந்ததையும் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் குடியிருப்பே 12 சேரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கூடுவாஞ்சேரியும் வேளச்சேரியும் அந்தப் பழைய பொருளில் நிற்பவை. பிறகு சமூகம் தன் வன்மத்தை அந்தப் பெயரின் மீது ஏற்றியது.

ஆகவே 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்பதை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது சரியான முடிவு. அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்க ஆணை வந்ததும், அது நீதிமன்றம் ஏறியதும் தெரிந்த செய்திகள். தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்கும் வேலை எம்.ஜி.ஆர். காலத்திலேயே தொடங்கியதுதான்.

என்னுடைய அளவுகோல் எளிது. ஒரு பெயர் நிலத்தைச் சுட்டுகிறதா, நிலத்தில் வாழ்பவரின் பிறப்பைச் சுட்டுகிறதா? நீரையும் மேட்டையும் மரத்தையும் கோயிலையும் தொழிலையும் சுட்டும் பெயர் இருக்கட்டும். ஒருவரின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர் போகட்டும். இரண்டும் கலந்த சிக்கலான பெயர்கள் வரும். அவற்றில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்தப் பெயரைச் சுமப்பவர்கள். ஊரின் மறுபாதியோ, ஊரே தெரியாத அதிகாரியோ முடிவெடுக்க முடியாது.

நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம். ரோஜா தெரு, மல்லிகை தெரு என்று பூக்கடை விரிக்கிறோம், அல்லது எல்லா ஊரிலும் ஒரே பத்துத் தலைவர்களை நிறுத்துகிறோம். அந்தத் தெரு இருக்கும் இடத்தில் முன்பு ஒரு தாங்கல் இருந்திருக்கும், ஒரு தோப்பு இருந்திருக்கும். அந்தப் பெயர் சாதி பார்க்காது, வேறெந்த ஊருக்கும் பொருந்தாது.

செங்கல்பட்டில் தொடங்கலாம்

இதற்குப் பொருத்தமான மாவட்டம் இதுதான். செங்கல்பட்டு ஜாகிர் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இங்கே கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2,000 ஊர்களின் வீடுகளும் தொழில்களும் ஏரிகளும் மானியங்களும் பதிவாயின. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒவ்வொரு ஊரையும் அந்த ஊராரே எப்படி எழுதினார்கள் என்று சொல்லும் ஆவணம் இந்தியாவில் அதிக இடங்களுக்குக் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகங்களில் அ-பதிவேடும் பழைய புலப்படங்களும் இருக்கின்றன. ரா.பி.சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகியும், மாவட்ட வாரியாக அந்த வேலையை முடிக்க நமக்கு ஆள் இல்லையா?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மாவட்ட ஊர்ப்பெயர்ப் பதிவேடு. வருவாய்க் கிராமம், குக்கிராமம், ஏரி, தாங்கல், வாய்க்கால், தோப்பு வரை எல்லாப் பெயர்களையும் ஓலைக் கணக்கு, கல்வெட்டு, அ-பதிவேடு மூன்றோடும் ஒப்பிட்டு, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுத வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் இருக்கையில் தனி நிறுவனம் வேண்டாம். இரண்டாவது, நகர் ஊரமைப்பு இயக்ககமும் (டி.டி.சி.பி.) சி.எம்.டி.ஏ.வும் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, விளம்பரத்திலும் நுழைவாயிலிலும் வருவாய்க் கிராமத்தின் பெயரை மனைப்பிரிவின் பெயருக்கு இணையான அளவில் எழுதச் செய்ய வேண்டும். மூன்றாவது, சாதிப் பெயர் நீக்கப்படும் தெருவுக்குப் புதுப் பெயரை அந்தப் பதிவேட்டிலிருந்து, கிராம சபையில் அல்லது வார்டு கூட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறைமலை அடிகளின் பெயர் இந்த நகரத்துக்கு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர் பெயரும் பேரமனூரும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கலாம். ஒன்றுக்காக மற்றது போக வேண்டியதில்லை. அடிகள் மாற்றிக்கொண்டது தம் சொந்தப் பெயரை. அந்த உரிமை அவருக்கு இருந்தது. ஊர்ப் பெயர் அப்படி யாருக்கும் சொந்தமில்லை. அதை விற்க மனை விற்பவருக்கும், சூட்ட ஆளுங்கட்சிக்கும் உரிமை கிடையாது. புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கையும், மனைப்பிரிவு அனுமதிக் கோப்பில் ஒரு நிபந்தனையும் போதும்.